டிவிடியைத் திருத்துவதா, தொகுப்பதா?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கடையின் பலகையில் 'பழைய டிவிடிகள் திருத்தித் தரப்படும்' என்று எழுதியிருக்கிறார்கள். உறவினர் வீட்டுக் காதணி விழாப் பதிவில் மின்சாரம் போய் இருட்டு மட்டுமே ஓடும் 12 நிமிடங்களை எடுத்துவிடக் கேட்டுப் போனபோது, கடைக்காரரும் "திருத்திடலாங்க" என்றார். மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் 'எடிட்' என்ற இடத்திலெல்லாம் 'திருத்து' என்று போட்டுப் போட்டு, அது கடைவீதி வரை வந்துவிட்டது. அங்கே 'தொகு' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

எடிட்டர் என்ற பெயரிலிருந்து பின்னாளில் பிறந்த வினையே எடிட். அதன் இலத்தீன் மூலத்துக்கு வெளியே தருதல், வெளியிடுதல் என்று பொருள். பிழை போக்குதல் என்ற பொருள் வேரில் இல்லை.

திருத்துதலோ திருந்துதலின் பிறவினை. விடைத்தாளைத் திருத்துகிறோம், கரடான நிலத்தைத் திருத்துகிறோம். சேர்வராயன் மலையில் காடு திருத்திக் காப்பி பயிரிட்டார்கள் என்கிறோம். அங்கும் சில அகற்றப்பட்டனவே என்று கேட்கலாம். ஆனால், அகற்றிய பின் அதே நிலம் சீர்பெறுகிறது. டிவிடியில் அப்படி நடப்பதில்லை. கடைகளில் பதிந்து தரும் டிவிடி-ஆர் வட்டில் ஒருமுறை எழுதியதை மாற்றவே இயலாது. அதில் படமும் ஒலியும் சேர்ந்திருக்கும் விஓபி கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்து, வேண்டாத பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து அதை விலக்கி, எஞ்சியவற்றைச் சேர்த்து, புதிய வட்டில் எழுதுகிறார்கள். டிவிடிக்காகக் காட்சிகளைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில் முழுப் படச் சட்டங்கள் இடையிடையே மட்டுமே வருகின்றன, மற்றவை அவற்றைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே மறுபடி குறியாக்காமல் வெட்டினால், நாம் நினைத்த நொடியில் அல்லாமல் அருகிலுள்ள முழுச் சட்டத்தில்தான் வெட்டு விழும். இத்தனைக்கும் பிறகு பழைய வட்டு இருந்தபடியே இருக்கிறது. எதுவும் திருந்தவில்லை.

'தொகுத்தல் என்றால் சேர்த்தல்தானே, நீக்குவதற்கு அது எப்படிப் பொருந்தும்?' என்பதே 'திருத்து' என்ற சொல்லை ஆதரிப்போர் என்னிடம் சொல்லும் ஒரே வாதம். பள்ளியில் படித்த இலக்கணத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். 'டிவிடி பார்த்தான்' என்பதில் 'ஐ' உருபு தொக்கி, அதாவது மறைந்து, நிற்கிறது என்கிறோம், அது வேற்றுமைத்தொகை. செய்யுளில் சொற்கள் அடையும் மாற்றங்களான விகாரங்களை அடுக்கும் நன்னூல் விரித்தலுக்கு அடுத்துத் தொகுத்தலை வைக்கிறது. புறநானூற்றில் 'சிறிய இலை' என்பது 'சிறியிலை' என வந்தது தொகுத்தல் விகாரம்: இடையில் ஓர் எழுத்து விலகியது, இரு பக்கமும் ஒட்டிக்கொண்டன. படச்சுருளைக் கத்தரித்து ஒட்டியவர்கள் செய்ததும் இதுவே. ஏற்காடு சாலையில் இன்றும் முகப்பு வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் இருந்த ஊரில், படத்தொகுப்பு என்ற சொல்லை விட்டுவிட்டுத் 'திருத்து' என்பதைத் தேடிப் போவது எனக்கு வருத்தமளிக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 'தொகு' என்ற பொத்தானை வைத்திருப்பது சரியான தேர்வு.

ஒரு பகுதியை எடுப்பதை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டுமானால் 'நீக்கம்' போதும். 'அழித்தல்' கூடாது, மூல வட்டில் எதுவும் அழிவதில்லை. அந்தப் பலகையில் 'டிவிடி தொகுத்துத் தரப்படும். வேண்டாத பகுதிகள் நீக்கப்படும்' என்று எழுதினால், அஸ்தம்பட்டியில் எவருக்கும் விளங்கும்.