அடித்துவிட்ட வரியைப் படிப்பது எப்படி?

வயதான அரசியல்வாதி ஒருவர் கைப்பட எழுதிய நினைவுக் குறிப்புகளில், அச்சுக்குப் போன வரிகளைவிட அடித்துவிட்ட வரிகளுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன். வரலாற்றை எழுதும்போது தடையில்லாமல் ஓடிய பேனா, கடவுள் நம்பிக்கை என்று வந்ததும் ஒரே வாக்கியத்தை நாலு முறை திருத்தியிருக்கும். ஆட்சியைப் பற்றிய பக்கத்தில் பழைய சகா ஒருவரின் பெயர் மொத்தமாக மையில் மூழ்கிக் கிடக்கும். அடியில் இருப்பதைப் பல நேரம் படித்துவிடலாம்.

முதல் வழி அகச்சிவப்பு ஒளி. நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் பார்க்கும். அதைத் தாண்டினால் ஒரே நிறமாகத் தெரிந்த மைகள் வெவ்வேறாக நடந்துகொள்ளும். பால்பாயின்ட் பேனாவின் சாய மை பலவும் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. கேமராவில் அப்படியே மறைந்துபோகும். கார்பன் கலந்த மையும் பென்சில் கோடும் கருப்பாகவே நிற்கும். அதாவது, பென்சிலில் எழுதியதைப் பிற்பாடு அத்தகைய பேனாவால் அடித்திருந்தால், அடித்த கோடு போய் எழுத்து மட்டும் மிஞ்சும்.

ஒரே வகை மை என்றால் இவ்வளவு சுலபமில்லை. அப்போது புற ஊதாவில் தொடங்கி அகச்சிவப்பு வரை, ஒவ்வொரு அலைநீளத்திலும் தனித்தனியாகப் படமெடுத்து, மையின் மிகச் சிறிய வேறுபாட்டையும் கணினியில் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2010-இல் பின்னாளில் அந்நாட்டு அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் கைப்பட எழுதிய சுதந்திரப் பிரகடன வரைவை இப்படித்தான் ஆராய்ந்தது. ஓரிடத்தில் அவர் முதலில் 'பிரஜைகள்' என்று எழுதி, மை காய்வதற்குள் துடைத்துவிட்டு, அதன் மேலேயே 'குடிமக்கள்' என்று எழுதியிருந்தார். மன்னரின் ஆளுகைக்கு உட்பட்டவர்கள் என்ற பழைய நினைப்பு 1776-இலும் அவர் கையில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது! அதே ஜெஃபர்சன் 1821-இல், 77 வயதில், தன்வரலாறு எழுத உட்கார்ந்தார். வலது மணிக்கட்டில் 1786-இல் பட்ட அடி சரியாகக் கூடாததால், அந்தக் கைக்கு எழுத்து வேலை சுலபமாக இருக்கவில்லை.

சரி, ஒளி கைவிட்டால்? பள்ளம் இருக்கிறது. பேட் வைத்து எழுதுபவர் அழுத்தி எழுதினால் அடித்தாளிலும் அதன் அடுத்த தாளிலும் தடம் பதியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே ஆழமான தடங்கள் நிழலோடு தெரியும். மெல்லியவற்றுக்கு ஒரு கருவி உண்டு: தாளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பரப்பி, மின்னேற்றி, ஜெராக்ஸ் இயந்திரத்தில் போடும் டோனர் போன்ற பொடியைத் தூவுவார்கள். பொடி பள்ளங்களில் போய் ஒட்டும். கண்ணால் பார்க்க முடியாத எழுத்து கருப்பாக எழுந்து வரும். கிழித்தெறிந்த தாளில் இருந்த வரிகூட அடுத்த தாளில் கிடைப்பதுண்டு. எந்தப் பக்கத்தின் தடம் எதில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், பக்கங்கள் எழுதப்பட்ட வரிசையும் பிடிபடும்.

காலத்தைச் சோதிக்கத் தாளே சாட்சி. 1983-இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை, ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சொல்லிப் பெரும் பரபரப்போடு வெளியிட்டது. சோதித்துப் பார்த்தால், போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் அந்தத் தாளில் இருந்தது. கதை அத்தோடு முடிந்தது.

முதுமையும் கையெழுத்தில் தெரியும்: வேகம் குறையும், கோடு நடுங்கும். பார்க்கின்சன் நோயில் எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருவதுண்டு. ஆனால் மங்கிய பார்வையும் மூட்டுவலியும்கூடக் கையெழுத்தைக் குலைக்கும் என்பதால், தாளை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. கையெழுத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்கிறோம் என்பவர்களை விட்டுவிடுங்கள், அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

இப்படிப்பட்ட வரைவுகள் வீட்டில் இருந்தால், ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சாதாரண ஸ்கேனில் அகச்சிவப்பும் வராது, பள்ளமும் வராது. லேமினேஷன் வேண்டவே வேண்டாம்: சூட்டிலும் அழுத்தத்திலும் தடம் தட்டையாகிவிடும், பொடி தூவவும் வழியிருக்காது. கிழிசலில் செலோடேப் ஒட்டினால் அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். ஒன்றும் எழுதாத தாள் நடுவில் கிடந்தால் அதையும் அதே வரிசையில் விட்டுவையுங்கள். முந்தைய பக்கத்தின் தடம் அதில்தான் இருக்கும்.