எட்டு மணி என்றால் எட்டு மணி

“நாங்க ரொம்பக் கண்டிப்பு டாக்டர், ஆனாலும் பையன் கேட்க மாட்டேங்கறான்.” குழந்தை மனநல ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது. விசாரித்துப் பார்த்தால் அந்த வீட்டில் சத்தம் இருக்கும், சில சமயம் அடியும் இருக்கும். கண்டிப்புதான் இருக்காது.

ராத்திரி எட்டு மணிக்குப் போனைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. “இன்னும் பத்து நிமிஷம்மா” என்கிறான். அம்மா மறுக்கிறார். அழுகை. அடுப்பில் குக்கர் விசிலடிக்கிறது. “பிள்ளையை ஏன் அழவிடறே” என்று மாமியார் குரல் வேறு. “சரி, தொலை. பத்தே நிமிஷம்.” ஒன்பது நாள் மறுத்துவிட்டுப் பத்தாம் நாள் இப்படி இறங்கினால், பையன் மனதில் நிற்பது அந்தப் பத்தாம் நாள்தான். தினமும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதே விடாப்பிடியை வளர்க்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வகப் புறாக்களும் எலிகளும் காட்டின. விழாத லாட்டரியை வாங்கிக்கொண்டே இருப்பவரிடமும் வேலை செய்வது இதுவே.

சரி, எப்படிச் சொல்வது? ஏழு ஐம்பத்தைந்துக்கு ஒரு முறை நினைவூட்டுங்கள். எட்டுக்குச் சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, “போனை மேஜையில் வை” என்று ஒரே வாக்கியம். “வைக்கிறியா, கண்ணா?” என்று கேட்டால் “மாட்டேன்” என்பதும் நியாயமான பதிலாகிவிடும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வைத்தால் அந்த நொடியே பாராட்டுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். வைக்காவிட்டால் நாளைய நேரத்தில் பதினைந்து நிமிடம் குறையும், அவ்வளவுதான். “ஒரு மாசத்துக்குப் போனே கிடையாது” என்று கோபத்தில் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் அவனைச் சாப்பிட வைக்க நீங்களே எடுத்து நீட்டுவீர்கள்.

முதல் சில நாட்கள் அழுகை கூடும். பலர் “இது சரிவராது” என்று கைவிடும் இடம் அதுதான். உண்மையில் பழைய வழி பலிக்கவில்லையே என்று குழந்தை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அப்போது இறங்கிப்போனால், அடுத்த முறை அழுகை அந்த உச்சத்திலேயே தொடங்கும். ஆகவே, தொடங்கும் முன்பே தாத்தா பாட்டி உட்பட எல்லாரும் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். “அப்பா வரட்டும், சொல்றேன்” வேண்டவே வேண்டாம். மாலை நடந்ததற்கு இரவில் தண்டனை தந்தால் சின்னக் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து புரியாது; அப்பா பூச்சாண்டி ஆவதுதான் மிச்சம். விதிகள் மூன்று நான்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. பதின்வயதுப் பிள்ளை என்றால் அவர்களையும் உட்காரவைத்தே விதியை எழுதுங்கள்.

தெருவிலும் இதே கதைதான். ஹெல்மெட் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகை கூடியும், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும் ஹெல்மெட், போலீஸ் நிற்கும் சிக்னலுக்கு நூறு அடி முன்னால்தான் பலருக்குத் தலைக்கு ஏறுகிறது. அபராதத்தின் அளவைவிட, மாட்டிக்கொள்வோமா என்பதே நடத்தையை மாற்றும். இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இலேயே சொன்னது இது.

“அடியாத மாடு படியாது” என்பவர்களுக்கு: அடி, விதியைக் கற்றுத்தராது; அடிப்பவர் இல்லாத நேரத்தைக் கணக்குப் பார்க்கக் கற்றுத்தரும். பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது. மனதைப் புண்படுத்தும் வசைக்கும் அதே தடைதான்.

கண்டிப்பே உதவாத இடங்களும் உண்டு. திக்கிப் பேசுவது, தூக்கத்தில் சிறுநீர் கழிப்பது போன்றவை குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை. திட்டினால் கூடும். ஐந்து வயது வரை படுக்கை நனைவது பொதுவாகக் கவலைக்குரியதல்ல. மெத்தை மேல் ரப்பர் ஷீட் விரித்துவிட்டுக் காலையில் பேச்செடுக்காமல் துணியை மாற்றிவிடுங்கள். ஆனால் ஆறு மாதமாவது நனையாமல் இருந்த குழந்தைக்கு மீண்டும் தொடங்கினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய் முதல் பள்ளியில் யாரோ மிரட்டுவது வரை எதுவும் காரணமாக இருக்கலாம்.