தீயிலிருந்து வெளியேறக் கற்றுத்தரும் தாளம்

ஏப்ரல் 14 பல ஆண்டுகளில் மும்பைத் தமிழர்களுக்குச் சித்திரைத் திருநாள். இந்த நகரத்தின் தீயணைப்பு வீரர்களுக்கு அதே நாள் அஞ்சலி நாள். 1944இல் அந்த நாளன்று, விக்டோரியா துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலின் பஞ்சுப் பொதிகளில் பற்றிய தீ, உள்ளே இருந்த வெடிமருந்தை எட்டி வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அதன் நினைவாகவே நாடெங்கும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் நடக்கும் செய்முறை விளக்கங்களைப் பிள்ளைகள் கண் விரியப் பார்க்கிறார்கள். ஆனால், தாராவியின் குறுகிய சந்து ஒன்றில், இரும்பு ஏணி வழியாக மட்டுமே இறங்கக்கூடிய மாடி அறையில் உறங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, பல மாதங்கள் கழித்து ஓர் இரவில் புகை சூழும்போது, முதலில் எதைச் செய்ய வேண்டும், அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்ற வரிசை நினைவுக்கு வந்தாக வேண்டும். அந்த வரிசையைக் காத்துவைப்பதில் பாட்டுக்குத் தனித் திறன் உண்டு.

காதில் விழும் சொற்களை மூளை சில விநாடிகளே தற்காலிகமாக ஏந்தி வைத்திருக்கிறது. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் ஆகிய உளவியலாளர்கள் 1974இல் விளக்கிய இந்தச் செயல் நினைவின் கொள்ளளவு பெரியவர்களிடமே குறைவு; சிறு பிள்ளைகளிடம் அதனினும் குறைவு; அச்சம் அதை மேலும் சுருக்கிவிடும். தாளத்தில் அமைந்த வரியோ, தனித்தனிச் சொற்களாக இல்லாமல் ஒரே கட்டாகப் பதிகிறது. எதுகையும் மோனையும் அடுத்த சொல் எதுவாக இருக்க முடியும் என்பதை முன்கூட்டியே குறுக்கிவிடுவதால், ஒரு சொல் மறந்தாலும் ஓசையே அதை மீட்டுத் தருகிறது. இசை எந்த நிலையிலும் உதவும் என்று சொல்லிவிட முடியாது. வாண்டா வாலஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மெட்டு பல அடிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் பாடிக் கேட்ட வரிகள், பேசிக் கேட்டவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. மெட்டு பழகாத நிலையில், அதைக் கற்பதே இன்னொரு சுமையாகிவிடுகிறது. ஆகவே, அழகான புது மெட்டைத் தேடி அலைவதைவிட, பிள்ளைகள் முன்பே அறிந்த எளிய கும்மி மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. தாராவித் தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். பாட்டிமார் கும்மி அறிந்தவர்களாக இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு.

அப்படிப்பட்ட மெட்டில் பாடுவதற்காக நான் எழுதிய அடிகள் இவை:

வெளியே போவோம், வெளியே போவோம்,
ஒளிய மாட்டோம், வெளியே போவோம்;
புகையின் கீழே தவழ்ந்து போவோம்,
நகையும் வேண்டாம், பையும் வேண்டாம்;
கதவின் சூட்டைப் புறங்கை பார்க்கும்,
அதன்பின் தானே தாழ்ப்பாள் நீக்கும்.

முதல் அடியில் வெளியேறுதலை வைத்ததற்குக் காரணம் உண்டு. பாட்டாக மனனம் செய்ததை நடுவிலிருந்து எடுப்பது கடினம். நான்காம் அடியை நினைவுகூர முதல் அடியிலிருந்து பாடி வர வேண்டும். உயிர் காக்கும் செயல் கடைசியில் இருந்தால் அதை அடைவதற்குள் நேரம் போய்விடும். இரண்டாம் அடியும் அதே அளவு முக்கியமானது. அஞ்சிய பிள்ளை கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது. திட்டுவார்களோ என்ற பயமும் அதில் சேர்ந்துகொள்வதால், தேடி வருபவர் கூப்பிட்டாலும் பதில் தராமல் இருந்துவிடக்கூடும். மூன்றாம் அடியின் அடிப்படை இயற்பியல். சூடான வாயு அடர்த்தி குறைந்து மேலெழுந்து கூரையின் கீழ் அடுக்காகத் தங்கி, பிறகு சிறிது சிறிதாகக் கீழிறங்குகிறது. அந்த அடுக்கில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துவிடுவதால், தீ தொடாமலேயே மயக்கமும் மரணமும் நேரலாம். தரையை ஒட்டிய காற்று சற்று நேரமாவது தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். இறுதி இரண்டு அடிகள் மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளின் அடுக்ககங்களுக்கு மிகவும் பொருந்தும். கதவு சூடாக இருந்தால் மறுபக்கம் தீ இருக்கிறது என்று பொருள். அதைத் திறக்காமல், இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, சன்னலருகே நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளங்கைக்குப் பதிலாகப் புறங்கையைச் சொன்னது, உள்ளங்கை வெந்துவிட்டால் தவழ முடியாது என்பதற்காக.

பாடத் தெரிந்த பிள்ளைக்குச் செய்யவும் தெரியும் என்று கொள்வது ஆபத்து. ரஸ்ஸல் ஜோன்ஸ், ஆலன் காஸ்டின் முதலியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கையறை போல அமைத்த இடத்தில் தீவிபத்துச் சூழல்களைக் கற்பித்து, ஒவ்வொரு படியையும் செய்ய வைத்தே பயிற்சி தந்தார்கள். இங்கேதான் கும்மி துணை வருகிறது. தாளத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதும் மூளையில் உடலசைவைத் திட்டமிடும் பகுதிகள் இயங்குகின்றன. ஒலிக்கும் அசைவுக்கும் உள்ள அந்தப் பிணைப்பைப் பயன்படுத்தி, தவழும் அடியில் உண்மையாகவே தரையில் தவழ்ந்து, தங்கள் வீட்டு வாசல்வரை அல்லது ஏணியின் மேல்முனைவரை பாட்டோடு போய்ப் பழக வேண்டும். மாடி அறையிலிருந்து ஏணியில் இறங்கும்போது முகம் ஏணிப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் இப்படிச் செய்து பார்த்தால்தான் பதியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: புகைக்குள் வாய்விட்டுப் பாடக் கூடாது. பாடுவதற்கு மூச்சை ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் நச்சு வாயுவும் கூடுதலாக உள்ளே போகும். எனவே பயிற்சியில் முதல் சுற்றை உரக்கவும், அடுத்த சுற்றை உதடு மூடி மனத்துக்குள்ளும் பாட வைக்க வேண்டும். மனத்துக்குள் மெட்டை ஓடவிடும்போதும் செவிப்புலனுக்குரிய மூளைப் பகுதிகள் இயங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளதால், ஓசையில்லாத பாட்டும் வரிசையைக் காக்கும்.

அபாய மணிக்கும் ஒரு தாளம் உண்டு. வெளியேறச் சொல்லும் பன்னாட்டு அபாய ஒலி அரை விநாடி ஒலித்து அரை விநாடி ஓய்வதாக மூன்று முறை வந்து, மூன்றாம் ஒலிக்குப் பின் ஒன்றரை விநாடி மௌனம் காக்கிறது. அரை விநாடியைத் தாளத்தின் ஓர் எண்ணிக்கையாக, அதாவது ஓர் அட்சரமாகக் கொண்டால், நான்கு விநாடி கொண்ட ஒரு சுற்று ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் (ஒரு தட்டு, சுண்டு விரல் முதல் மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை) மிகச் சரியாக அடங்குகிறது: முதல் தட்டிலும், மோதிர விரலிலும், அடுத்த தட்டிலும் ஒலி, மற்றவை மௌனம். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். புகை உணர்கருவி இல்லாத வீடுகளில், எவர்சில்வர் தட்டை இதே தாளத்தில் அடித்துப் பயிற்சியைத் தொடங்கலாம்.

ஆயினும் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் பிள்ளையை எழுப்ப இன்னும் சிறந்த ஒலி ஒன்று இருக்கிறது. 2006இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட சிறு ஆய்வில், 6 முதல் 12 வயதுள்ள 24 பிள்ளைகளில், பெயர் சொல்லி எழுப்பிய பெற்றோர் குரலுக்கு 23 பேர் விழித்தனர். வழக்கமான கிறீச்சொலிக்கு விழித்தவர்கள் 14 பேர் மட்டுமே. பிள்ளையின் பெயரை இருமுறை அழைத்து, உடனே பாட்டின் முதல் அடியைச் சொல்லும் பழக்கத்தைத் தாய்மார்கள் ஏற்படுத்திக்கொண்டால், அதுவே அந்த வீட்டின் அபாய மணி.

எல்லா ஆபத்தையும் ஒரே பாட்டில் திணிக்க வேண்டாம். உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. நின்று, முகத்தை மூடி, தரையில் உருள வேண்டும். இதையும் வெளியேறும் பாட்டையும் ஒரே மெட்டில் கற்பித்தால், புகையைக் கண்ட பிள்ளை உருளத் தொடங்கிவிடக்கூடும். வேறு மெட்டும் வேறு அசைவும் தேவை. எரிவாயுக் கசிவுக்கு மூன்றாவது பாட்டு: வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, தீக்குச்சி உரசாதே, பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே வா, வெளியே வந்தபின் 101ஐ அழை. இதைக் கற்பிக்கும் ஆசிரியர், பிள்ளையின் வீட்டில் சிலிண்டரா குழாய் எரிவாயுவா என்று முதலில் கேட்டறிய வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானதாகையால் கசிந்தால் தரையில் தேங்கும். குழாயில் வரும் மீத்தேன் லேசானதாகையால் கூரைப் பக்கம் ஏறும். சிலிண்டர் வாயு கசிந்த அறையில் தரையோடு தவழ்வது, வாயு தேங்கியிருக்கும் இடத்துக்கே முகத்தைக் கொண்டுபோவதாகும்; அதனால் எரிவாயுப் பாட்டில் தவழும் அசைவு வரவே கூடாது, நிமிர்ந்து நடந்தே வெளியேறப் பழக்க வேண்டும்.