ஓரெழுத்து வேறுபாடா, ஒற்றை மரபணுப் பிறழ்வா?

பிழை திருத்தச் சொல்லி வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் போன வாரம் இப்படி ஒரு வரி: ‘ஒவ்வொருவர் உடலிலும் சுமார் 40 லட்சம் ஒற்றை மரபணுப் பிறழ்வுகள் உள்ளன.’ புரதம் செய்யும் மரபணுக்களே மனிதனுக்கு ஏறக்குறைய 20,000தான். அதற்குள் 40 லட்சம் எங்கிருந்து வந்தது என்று மொழிபெயர்த்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தத் தொடரை நான் பார்ப்பது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

மூலத்தில் இருந்தது எஸ்.என்.பி., ஆய்வகப் பேச்சில் ‘ஸ்னிப்’. விரித்தால் சிங்கிள் நியூக்ளியோடைடு பாலிமார்ஃபிசம். பாலி என்றால் பல, மார்ஃபே என்றால் உரு, இரண்டும் கிரேக்கம். நியூக்ளியோடைடுக்குள் இருப்பது லத்தீன் நியூக்ளியஸ், அதாவது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. சரி, பொருளுக்கு வருவோம். நம் டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய, 300 கோடி எழுத்து நீளமுள்ள வரிசை. அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் சிலருக்கு சி, சிலருக்கு டி. அரிதான எழுத்தும் நூற்றுக்கு ஒன்றாவது தென்பட்டால் அது பாலிமார்ஃபிசம், அதற்கும் குறைந்தால் பிறழ்வு என்பது பழைய கணக்கு.

இப்போது அந்த மொழிபெயர்ப்பைப் பாருங்கள். நியூக்ளியோடைடு எழுத்து என்றால் மரபணு ஒரு பத்தி. எழுத்து மாறியதைப் பத்தி மாறியதாகச் சொல்வது முதல் தவறு. போதாததற்கு, இந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதக் குறிப்பு எழுதியிருக்கும் பகுதிக்கு வெளியேதான் விழுகின்றன.

‘பிறழ்வு’ அதைவிட மோசம். பிறழ்வது என்றால் சரியான ஒன்றிலிருந்து தவறுவது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியான லாக்டேஸை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்யும் மரபணுவுக்கு 13,910 எழுத்து முன்னால், பக்கத்து மரபணுவுக்குள் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆதியில் இருந்தது சி. ஐரோப்பியரில் பலருக்கு அது டி. அவர்களில் பெரும்பாலும் டி உள்ளவர்களுக்குத்தான் பெரியவர்களான பிறகும் பால் செரிக்கிறது. இந்த மொழிபெயர்ப்பின்படி பார்த்தால் பால் செரிக்கிறவர்தான் பிறழ்ந்தவர்!

அரிவாளணு நோயைக் காட்டி மறுப்பார்கள். நியாயம்தான். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்தைச் செய்யும் மரபணுவில் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆக, குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்து சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது. அப்பா, அம்மாவிடமிருந்து வந்த இரண்டு பிரதியும் அப்படி இருந்தால் நோய். ஒரே பிரதி என்றால் கடும் மலேரியாவிலிருந்து காப்பு. அதனால்தான் மலேரியா மண்டிய ஆப்பிரிக்கப் பகுதிகளில் அந்த எழுத்து 1 சதவீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டது. ஓரிடத்தில் பிறழ்வாக இருப்பது இன்னோரிடத்தில் பாலிமார்ஃபிசம். இந்தக் குழப்பத்தால் 2015இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலே இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, ‘வேரியன்ட்’, அதாவது வேறுபாடு, என்று பொதுவாகச் சொல்லச் சொன்னது.

அப்புறம், நோய் ஆய்வில் பல எஸ்.என்.பி.க்கள் வெறும் மைல்கற்கள். நோயோடு தொடர்புடைய இடம் இங்கே பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவே. மைல்கல்லைப் பிடித்துக் குற்றவாளி என்றால் எப்படி?

பாடநூல் நடையில் எழுதுவோர் ‘பல்லுருவாக்கம்’ என்பார்கள். எனக்கு அதைப் படித்தால் பல் மருத்துவர் நினைவுதான் வருகிறது: பல் உருவாக்கம்! சந்தி சேர்த்தால் இரண்டும் ஒன்றே. தவிர ‘ஆக்கம்’ என்பது செய்யும் வினை. இங்கே யாரும் எதையும் ஆக்கவில்லை, பல உருக்கள் இருக்கின்றன. பாடநூலுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் ‘பல்லுருத்தன்மை’ போதும். நியூக்ளியோடைடைக் ‘கருக்காடிக்கூறு’ என்று பெயர்த்தவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் காடி என்றதும் புளித்த கஞ்சியை நினைக்கும் வாசகரிடம் அது எடுபடாது.

என் தேர்வு ‘ஓரெழுத்து வேறுபாடு’. நம் இலக்கணத்திலேயே இதற்கு உறவுக்காரர் உண்டு. முகம் முகனாகும், பந்தல் பந்தராகும், பொருள் மாறாது. அதற்குப் போலி என்று பெயர். புரதத்தை மாற்றாத எஸ்.என்.பி.யும் அப்படித்தான். அறம் அரமானால் கதை வேறு, அது அரிவாளணு வகை. ‘எழுத்துப்போலி’ என்றே வைத்திருப்பேன், இன்றைய காதில் போலி என்றால் போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்றாகிவிட்டதால் விட்டேன்.

கட்டுரையைத் திருத்தி, காரணத்தையும் எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. நேற்று அச்சில் பார்த்தேன்: ‘ஓரெழுத்துப் பிறழ்வுகள்’.