ஒரு கழித்தல் குறிக்குள் காலம்

'நீளம், அகலம், உயரம் போலக் காலமும் ஒரு பரிமாணம் என்கிறீர்கள். வலப்பக்கம் போனவன் இடப்பக்கம் திரும்புவதுபோல நேற்றைக்குத் திரும்ப முடியாதது ஏன்?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நல்ல கேள்வி. விடை ஒரு கழித்தல் குறியில் இருக்கிறது.

ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, சூரிக்கில் ஐன்ஸ்டைனுக்குக் கணிதம் நடத்தியவர். வேகத்தைப் பொறுத்துக் காலமும் நீளமும் மாறும் என்று சொல்லி மாணவர் 1905இல் வெளியிட்ட சிறப்புச் சார்பியலுக்கு வடிவியல் உருவம் தந்தவர் இந்த ஆசிரியர்தான். 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் ஆற்றிய உரையில், இடமும் காலமும் இனித் தனித்தனி இல்லை, இரண்டும் சேர்ந்த ஒன்றுதான் உண்டு என்றார். அதுதான் காலவெளி.

பிதாகரஸ் தேற்றம் நினைவிருக்கும். கிழக்கே 3, வடக்கே 4 போனால் நேர்த்தூரம் 5, வர்க்கங்களைக் கூட்டுகிறோம். காலவெளியில் கூட்டக் கூடாது, காலத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். 4 ஒளியாண்டு (ஒளி 4 ஆண்டில் கடக்கும் தூரம்) தள்ளியிருக்கும் இடத்துக்கு ஒருத்தி ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போகிறாள். நம் கணக்கில் 5 ஆண்டு. அவள் கடிகாரத்தில்? 25இல் 16 போனால் 9, அதன் வர்க்கமூலம் 3. மூன்றே ஆண்டு! அதே வேகத்தில் திரும்பி வந்தால், வீட்டிலேயே இருந்த தங்கைக்கு 10 வயது கூடியிருக்கும், அக்காவுக்கு 6தான். தாளில் சுற்றுவழி நீளமானது. இங்கே சுற்றிவந்தவளுக்குத்தான் நேரம் குறைவு. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதில்லை.

சரி, நேற்று? வேகம் கூடக்கூடக் கழிபடும் பங்கு பெரிதாகிறது. ஒளியின் வேகத்தில் மிச்சம் பூஜ்யம். நாளையை நோக்கிய பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து நேற்றை நோக்கித் திருப்ப அந்தப் பூஜ்யத்தைத் தாண்ட வேண்டும். நிறையுள்ள எதுவும் அதைத் தொடக்கூட முடியாது. கூட்டல் குறி இருந்திருந்தால் தாராளமாகத் திரும்பியிருக்கலாம்.

வர்க்கங்கள் மின்கோவ்ஸ்கிக்குப் பழைய சிநேகிதம். ஓர் எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்ற கேள்விக்காக 18 வயதிலேயே பாரிஸ் அறிவியல் அகாதெமியின் பரிசு வாங்கியவர். அன்றைக்கு அதனால் யாருக்கு என்ன பயன்? இந்தக் கேள்வியைக் கேட்டே அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐன்ஸ்டைனுக்கே முதலில் ஆசிரியரின் வடிவியல் பிடிக்கவில்லை. அப்புறம் 1915இல், ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலை அதன் மேல்தான் எழுப்பினார். பார்க்க மின்கோவ்ஸ்கி இல்லை. கொலோன் உரை முடிந்து நான்கு மாதம்கூட ஆகாத 1909 ஜனவரியில், குடல்வால் அழற்சி அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 44.