சொல் விளக்கம்: ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி

சிங்கப்பூர் மருந்துக்கடைகளில் கல்லீரலுக்கென்று விற்கும் மாத்திரைப் புட்டிகளில் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். ‘ஆன்டி’ என்றால் கிரேக்கத்தில் எதிர். ‘ஆக்சிஜன்’ 1777இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே உருவாக்கிய பெயர். புளிப்பைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் இந்த வளி உண்டு என்று அவர் எண்ணினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லவே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ‘ஆன்டிஆக்சிடன்ட்’ முதலில் உடல்நலச் சொல்லும் அல்ல: ரப்பர் வெடிப்பதையும் எண்ணெய் காறிப்போவதையும் தடுக்கும் பொருள்களுக்கு வழங்கியது.

‘ஆக்சிடேஷன்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு ‘ஆக்சிஜனேற்றம்’, இலங்கை வழக்கு ‘ஒட்சியேற்றம்’, தனித்தமிழில் ‘உயிர்வளியேற்றம்’. எதைக் கொண்டாலும் ‘ஏற்ற’த்தை விடக்கூடாது. ‘ஆக்சிஜன் எதிர்ப்பி’ என்று சுருக்கினால் மூச்சுக்காற்றுக்கே பகை என்றாகிவிடும். ஆக்சிஜனேற்றம் என்பது இன்றைய வேதியியலில் எலக்ட்ரான் இழப்பு. எதிர்ப்பி தன் எலக்ட்ரானைக் கொடுத்து அந்த இழப்பைத் தானே ஏற்கிறது.

கார்பன் டெட்ராகுளோரைடு ஒரு காலத்தில் உலர்சலவைக்குப் பயன்பட்டது. இன்று ஆய்வகங்களில் எலியின் கல்லீரலைக் கெடுத்துப் பார்க்க உதவுகிறது. கல்லீரல் நொதிகள் அதைச் சிதைக்கும்போது ‘தனி உறுப்பு’ (free radical), அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூற்றுத் துணுக்கு ஒன்று பிறந்து, செல்சவ்வின் கொழுப்பைத் தொடர்வினையாக அரிக்கிறது. அந்தத் தொடரை வைட்டமின் ஈ அறுக்கும். ஆனால் இவ்வகைச் சோதனைகள் பலவற்றில் மூலிகைச் சாறு முதலில், நஞ்சு பிறகு. கீழாநெல்லியைப் பற்றிய எலி முடிவுகளைப் படிக்கும்போது இந்த வரிசையைப் பாருங்கள். நஞ்சுண்டவருக்கு வைத்தியம் என்று அதைக் கொள்ள முடியாது.

எதிர்ப்பி கல்லீரலைக் காப்பதற்கு மனிதரிடம் நன்கு நிலைநாட்டப்பட்ட எடுத்துக்காட்டு பாராசிட்டமால், நம் வீட்டுப் ‘பனடால்’. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மாத்திரையிலும் அதே மருந்து இருப்பதைக் கவனிக்காமல் இரண்டையும் விழுங்கும்போதுதான் கணக்குத் தவறும். மருந்தின் சிறு பங்கு கல்லீரலில் ‘நாப்கி’ என்னும் நச்சாகிறது. உடல் தானே உருவாக்கும் எதிர்ப்பியான குளூட்டதையோன் அதைக் கட்டிப்போடுகிறது. அளவு மிஞ்சினால் குளூட்டதையோன் தீர்ந்து, நச்சு செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் குளூட்டதையோனை மீண்டும் உருவாக்க மூலப்பொருள் தருகிறது. மருத்துவமனையில் சிரைவழியாக, வழக்கமான முறையில், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம் முதலில், பிறகு 4 மணி நேரத்தில் 50, அடுத்த 16 மணி நேரத்தில் 100. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் காப்பு மிகச் சிறப்பு. முதல் நாளில் குமட்டலுக்கு மேல் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆகவே வலிக்காகக் காத்திராமல் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்க வேண்டும்.

மாறாக, பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிதான். அதிலுள்ள கேட்டச்சின் வகையான ‘ஈஜிசிஜி’ நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டும்போது கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் (கல்லீரல் பாதிப்பின் அறிகுறி) உயர்ந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கூறியது.