அகநோக்கிச் சீரொளி: எண்டோஸ்கோப்பிக் லேசருக்கு நம் சொல்

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்குக் கண்நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. மருத்துவர் தந்த சீட்டில் 'எண்டோஸ்கோப்பிக் லேசர்' என்று இருந்ததைப் படித்துக் காட்டினேன். "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கிரேக்கத்தில் எண்டோன் என்றால் உள்ளே, ஸ்கோப்பீன் என்றால் பார்த்தல். தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு தடம் இருக்கிறது. அதே தடத்தில் உள்நோக்கி, அகநோக்கி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. நான் அகநோக்கி பக்கம். 'உள்நோக்கம்' என்றாலே மனசில் மறைத்து வைத்த எண்ணம் என்றாகிவிட்டது. மருத்துவக் கருவிக்கு அந்தச் சாயல் எதற்கு?

அகம் என்றால் வீடும்தான். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல்வரை நேராகத் தெரியும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் இருப்பது மட்டும் தெரியாது. எட்டித்தான் பார்க்க வேண்டும். கண்ணும் அப்படியே. பாவை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளை வழியாக விழித்திரைவரை பார்த்துவிடலாம். அந்தத் துளையைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் மடிப்புகள் தெரியாது. கண்ணுக்குள் ஊறும் நீரைச் சுரப்பவை அவைதான். சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அகநோக்கி உள்ளே போய் அவற்றைத் திரையில் காட்டுகிறது. விளக்கு, படம், லேசர் மூன்றும் அந்த ஒரே குச்சிக்குள். மடிப்புகள் லேசர் பட்டு வெளுத்துச் சுருங்கும். நீர் சுரப்பது குறையும், அழுத்தமும் இறங்கும்.

லேசர் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. 1957இல் கார்டன் கூல்டு தம் குறிப்பேட்டில் எழுதிய பெயர்; 1960இல் மைமன் முதல் லேசரை ஒளிர வைத்தார். அலைகள் சீராக அணிவகுக்கும் ஒளி என்பதால் தமிழில் சீரொளி. இதைவிடப் பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் சரிபார்ப்பு. கண்ணுக்குள் விடுவதற்கு முன்பே, நுனியை அச்சடித்த ஓர் எழுத்தின் எதிரே பிடித்து, திரையில் அது தெளிவாகவும் நிமிர்ந்தும் நிற்கும்வரை திருப்புவார்கள். 'ப' கவிழ்ந்து தெரிந்தால் கண்ணுக்குள்ளும் மேல் கீழாகிவிடும். மடிப்பைத் தொடப் போன நுனி லென்ஸில் இடிக்கும். இதற்குப் பெரும்பாலும் பயன்படும் 810 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குறி காட்டும் சிவப்புப் புள்ளி திரையில் விழுகிறதா என்று பார்த்தாக வேண்டும். லேசரைக் கொண்டுவரும் கண்ணாடி இழை எங்கும் மடங்கியிருக்கக் கூடாது. அறையில் இருப்பவர்களின் காப்புக் கண்ணாடி தடுக்கும் அலைநீளங்களில் அந்த 810 அடங்கியிருக்க வேண்டும். ஏதோ ஒரு கறுப்புக் கண்ணாடி போதாது. வாசலில் எச்சரிக்கைப் பலகை. சுடும் நேரம் தவிர இயந்திரம் 'ஸ்டாண்ட்பை'யில், அதாவது காத்திருப்பு நிலையில்தான் இருக்க வேண்டும்.

மேசைக்கடியில் மைக்ரோஸ்கோப் பெடலும் லேசர் பெடலும் கிடக்கும். கால் மாறினால் ஆபத்து. தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. பெடலைக் 'கால்மிதி' என்று எழுதத் தோன்றும். அது நம் வாசற்படியில் கிடப்பது. இதற்கு மிதிகட்டை என்பதே சரி.